கிணற்று நீச்சல்காரனும் ஹேவ்லாக் கடலும்: என் முதல் ஸ்கூபா

கேமரா ஒரு தேங்காய் மட்டைமேல் நிற்கிறது மக்களே, நடுவில் சாய்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள். மணி ஐந்தரைகூட ஆகவில்லை, எப்படி இருட்டிக்கொண்டு வருகிறது பாருங்கள். அந்தமான் இருப்பது பர்மாவுக்குப் பக்கத்தில், கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரம், அதனால் இந்த ஜனவரியில் இங்கே சாயங்காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது, மத்தியானம் முடிந்ததும் ராத்திரி. பின்னால் கேட்பது ஜெனரேட்டர். அதோ படுத்திருக்கிற நாய் மதியத்திலிருந்து என்னை விடாமல் தொடர்கிறது, அதற்கும் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

இடம் ஹேவ்லாக் தீவு. 2018 கடைசியில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆனால் நான் ஏறிய ஆட்டோக்காரரும் டீ குடித்த கடைக்காரரும் பழைய பெயரைத்தான் சொன்னார்கள், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துச் சொச்சம் விமானம், அப்புறம் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கப்பலில் ஏசி நன்றாக இருந்தது, என் வயிறு நன்றாக இல்லை, அந்தக் கதை வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்கூபா டைவ், அதாவது முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது, செய்தேன். என் மனைவியும் செய்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது, குற்றாலத்தில்கூட ஓரமாக நின்று குவளையில் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள். நான் மணப்பாறைப் பக்கம் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவன், பம்புசெட் மேலிருந்து தலைகீழாகக் குதிப்பவன். அதனால் நேற்று ராத்திரி முழுக்க அவளுக்கு நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் அவள் போனாள், மீனைப் பார்த்தாள், வந்தாள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு 'என்னால் முடியாது' என்றேன். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

டைவ் செய்த இடம் ஒரு பவளப்பாறைத் திட்டு, நீமோ ரீஃப் என்று பெயர், கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம். இந்தக் கிழக்குக் கரையில் கடல் வடிந்தால் தண்ணீர் எங்கேயோ போய்விடுகிறது, அதனால் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் நேரம் தருகிறார்கள், எங்களுக்கு விடியற்காலை ஆறரை. முதலில் ஒரு படிவம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, சளி இருக்கிறதா. தயவுசெய்து அதில் பொய் சொல்லாதீர்கள். எங்களோடு இருந்த ஒருவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், அவர் அரை மணி நேரம் சண்டை போட்டார். சளியில் காது அடைத்திருந்தால் கீழே போகும்போது காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, செவிப்பறை கிழியக்கூட வாய்ப்பு உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றால், அது வேறு சண்டை.

என் இன்ஸ்ட்ரக்டர் போர்ட் பிளேர்த் தம்பி, தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். தமிழ் பேசுகிறார், பாதி வாக்கியத்தில் ஹிந்தி நுழைந்துவிடுகிறது. "அண்ணே, டென்ஷன் நஹி. உள்ளே ஒரே ரூல்தான். மூச்சைப் பிடிக்காதீங்க." நான் தலையை ஆட்டினேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அங்கேதான் எல்லாமே இருந்திருக்கிறது.

முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் ஆக்ஸிஜன் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் இருப்பது நாம் இப்போது இழுக்கிற இதே காற்று, ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். பதினோரு லிட்டர் சொச்சம் கொள்கிற உருளைக்குள் 200 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில், திணித்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் காற்று அடங்கிவிடுகிறது. கரையில் அதை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட்டும் கட்டி, மணலில் நடந்தபோது நெல்மூட்டை தூக்கிய ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் இறங்கியதும் அந்தப் பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்ததற்கு அத்தாட்சி என்னவென்றால், முங்கிப் போய்க் கிணற்றின் அடியிலிருந்து ஒரு பிடி சேறு எடுத்து வரவேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழு, அடக்கு, முங்கு. மேலே வந்து சேற்றைக் காட்டினால்தான் ஆள். எட்டு வயதிலிருந்து என் உடம்புக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், முகம் தண்ணீரில் பட்டால் மூச்சு தானாக நின்றுவிடும். இன்று அந்தத் தம்பி சிலிண்டர் காற்று வருகிற ரெகுலேட்டரை வாயில் கொடுத்து முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னார், வைத்தேன், மூச்சு நின்றுவிட்டது. வாயில் காற்று இருக்கிறது, இழுத்தால் வரும், மூளைக்குத் தெரிகிறது, நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது. இருபது நொடி அப்படியே இருந்துவிட்டு ஒரே மூச்சாக இழுத்தேன் பாருங்கள், அப்போது மாஸ்க்குக்குள் தண்ணீர். மூக்கில் ஏறிவிட்டது. அவ்வளவுதான், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் மனைவி, தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, எருமை மாதிரி நிதானமாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறாள். (இந்த இடத்தை எடிட்டிங்கில் வெட்டவேண்டும், அவள் பார்ப்பாள்.)

மாஸ்க்கில் தண்ணீர் ஏன் வந்தது தெரியுமா? இது. இந்த மீசை. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கிற சிலிக்கோன் பட்டை நம் தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும், மூக்குக்குக் கீழே முடி இருந்தால் அந்த இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்துவிடும். "அண்ணே, மேலே ஒரு கோடு மாதிரி லேசா ஷேவ் பண்ணிட்டா போதும்" என்றார் தம்பி. முடியாது என்றேன். கல்யாணத்துக்கே எடுக்காத மீசை. சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவிலிருந்து பசை எடுத்து மூக்குக்குக் கீழே அப்பிவிட்டார், முக்கால்வாசி நின்றது. மீதிக் கால்வாசி உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்: மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, கொஞ்சம் மேலே பார்த்து, மூக்கு வழியாக ஊத வேண்டும், தண்ணீர் கீழே வழிந்து போய்விடும். நான் இதை ஆறு தடவை செய்து பார்த்தேன். ஆறு தடவையும் அவர் காத்திருந்தார், அதற்காகவே அவரைக் கும்பிடவேண்டும், ஏனென்றால் கொஞ்ச தூரத்தில் வேறொரு குழுவில் "சலோ சலோ" என்று ஆளை அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூச்சைப் பிடிக்காதே என்று ஏன் இத்தனை தடவை சொல்கிறார்கள் என்பதை அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே ஒரு பலூனைக் காட்டுவது மாதிரி கையால் காட்டினார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே ரெகுலேட்டரில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் எங்கே போகும்? கிணற்றில் முங்கும்போது இந்தப் பிரச்சினை இல்லை, மேலே இழுத்த காற்று கீழே சுருங்குகிறது, மேலே வந்தால் பழைய அளவு. அந்தக் காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளித்தவர்களுக்கும் அப்படித்தான். ஆக, எங்கள் கிணற்றில் உயிரைக் காத்த பழக்கம் இங்கே உயிரை எடுக்கிற பழக்கம். இது புரிந்த பிறகுதான், என் உடம்பு செய்தது கோழைத்தனம் இல்லை, முப்பது வருஷப் பழக்கம் என்று எனக்கே என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

இடையில் ஒன்று. வாயில் வைக்கிற அந்த ரெகுலேட்டர் இழுத்தால் மட்டும் காற்று தருகிற சாமான். 1943-இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற என்ஜினியரும் செய்தது. யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்குக் கான்யான் செய்துவைத்திருந்த வால்வைத்தான் தண்ணீருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதே 1943 டிசம்பரில்தான் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்து கொடி ஏற்றினார், இந்தத் தீவின் புதுப் பெயரே அந்த நினைவில் வைத்ததுதான். சும்மா, கப்பலில் வாந்தி வராமல் இருக்கப் படித்துக்கொண்டு வந்தேன்.

சரி, இரண்டாவது தடவை. தம்பி ஒரு வேலை செய்தார், "இழுக்கறதைப் பத்தி யோசிக்காதீங்க அண்ணே, விடறதை மட்டும் பாருங்க, பாட்டு ஹம் பண்ற மாதிரி ம்ம்ம்னு விடுங்க" என்றார். ம்ம்ம் என்று விட்டேன். விட்டால் இழுத்துத்தானே ஆகவேண்டும், தானாக வந்தது. பத்து மூச்சு. இருபது மூச்சு. எப்போது தரை காலை விட்டுப் போனது என்று தெரியாது.

ஒன்று, இரண்டு மீட்டரிலேயே காது கனக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டப்' என்று திறக்கும். வலி வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஊதிக்கொண்டே போகவேண்டும், வலித்த பிறகு ஊதினால் திறக்காது, கொஞ்சம் மேலே ஏறித்தான் ஊத வேண்டும். எனக்கு இடது காது லேட்.

கீழே அமைதியாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள் இல்லையா? இல்லை. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் ஓயாமல் கேட்கிறது, எந்தப் பக்கமிருந்து என்றே தெரியாது. கொடுக்கைச் சொடுக்குகிற ஒருவகை இறால்களாம். கையில் கட்டியிருக்கிற இந்தச் சிவப்புக் கயிறு, இப்போது பாருங்கள் சிவப்பு, ஏழு மீட்டரில் பழைய புளி நிறத்தில் இருந்தது, தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் குடித்துவிடுகிறது. அப்புறம் ஒரு ராட்சதச் சிப்பி, பாறை இடுக்கில், உதடு முழுக்க மயில்கழுத்து நீலம். என் நிழல் மேலே விழுந்ததும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு அந்த உதட்டோரத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் கண்கள் உண்டு, யானையைப் பார்த்ததுபோல என்னைப் பார்த்துச் சுருங்கியிருக்கும்.

நீமோ என்பது கார்ட்டூன் படத்தில் வருகிற கோமாளி மீன், அந்தப் பெயரை வைத்துவிட்டு கோமாளி மீனைக் காட்டாமல் இருப்பார்களா? கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரி இருக்கிற கடல் உயிரின் விரல்களுக்கு நடுவில் ஒரு பெரியது, ஒரு நடுத்தரம், இரண்டு பொடிசு. பெரியதுதான் பெண். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குகின்றன, பெண் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். அந்தப் பெரியம்மா என் மாஸ்க் கண்ணாடிக்கு நேராக வந்து, ஒரு விரல்நீளம்கூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு, என்னைப் போ போ என்று முட்ட வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் தம்பியைத் திரும்பிப் பார்த்து, பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மக்களே, தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகவேண்டும்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு விரலை வட்டமாகக் காட்ட வேண்டும். கரையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதுதான் விதி, என் சிலிண்டரைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டி வந்துவிட்டார். தலை வெளியே வந்ததும் "என்ன அண்ணே, என்ன ஆச்சு?" என்று பதறுகிறார். "சூப்பர்னு சொன்னேன் தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை மனிதர். மறுபடி காதை ஊதி, இடது காதுக்குக் காத்திருந்து இறங்கியதில் ஐந்து நிமிடம் போச்சு.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், பாதி இடம் சாம்பல் மேடுதான். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் முழுக்கப் பவளம் வெளுத்துச் செத்தது, அப்புறமும் நடந்தது. ஆழமில்லாத இடங்களில் உடைந்த எலும்புக் குவியல் மாதிரி கிடக்கிறது, நடுநடுவே உயிருள்ளது. இந்தச் சுற்றுலாப் படங்களில் வருகிற பூந்தோட்டத்தை எதிர்பார்த்து வராதீர்கள். அதிலும் இன்னொரு குழுவின் ஆள், வீடியோவில் மீன் கூட்டமாகத் தெரியட்டும் என்று பாட்டிலுக்குள் ரொட்டியைப் போட்டுக்கொண்டு வந்து நசுக்கிவிடுகிறார். பவளத்தின்மேல் நிற்கவும் வைக்கிறார். சங்கு, செத்த பவளம் எதையும் பொறுக்கி வராதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

நான் கொடுத்தது தலைக்கு 4500 ரூபாய், வீடியோவோடு. காசைவிட ஒரு ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டரா என்று முதலில் கேளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் எவ்வளவு நேரம் பழகவிடுவார்கள் என்று கேளுங்கள், பத்து நிமிடம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். டைவ் முடித்த அன்றே விமானம் ஏறாதீர்கள், ஒரு முழுநாள் விடச் சொல்கிறார்கள், எங்களுக்கு நாளை மறுநாள்தான் டிக்கெட். நாளைக்கு ராதாநகர் கடற்கரை, இதே தீவின் மேற்குக் கரை, அஸ்தமனம் அங்கேதான்.

பேட்டரி சிவப்பு காட்டுகிறது. உள்ளே எடுத்த கிளிப்பை இதோடு சேர்க்கிறேன், கோமாளி மீன் வருகிற இடத்தில் என் வலது கையைப் பாருங்கள், அப்புறம் பின்னாலிருக்கிற தம்பியின் கண்ணைப் பாருங்கள். ஏய், சும்மா இரு... நாய் மட்டையை இழுக்கிறது. வைக்கிறேன்.