ஆட்டு இதயத்தில் தண்ணீர் ஊற்றிய கதை

வணக்கம் நண்பர்களே. வழக்கமாகக் காபி டம்ளரோடு தொடங்குவேன். இன்று என் கையில் இருப்பது ஆட்டின் இதயம். சென்ற வாரம் மீனின் செவுளைக் காட்டியபோது, சிரையில், அதாவது இதயத்திற்குத் திரும்பும் குழாயில், ஓடும் இரத்தம் நீல நிறம் என்று உங்களில் பலர் அடித்துச் சொன்னீர்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை. பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்திற்கு நீல மை பூசியிருப்பது அடையாளத்திற்காக மட்டுமே. பரிசோதனைக்கூடத்தில் நம் கையிலிருந்து ஊசிக்குழலில் ஏறுவது சிரை இரத்தம்தான். அது கருஞ்சிவப்பாக இருப்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இந்த இதயத்தை வாங்குவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று 70 ரூபாய். மூன்றுக்கு 210 ரூபாய் கொடுத்தேன். ஏன் மூன்று என்றால், கறிக்கடை அண்ணன் கேட்பதற்கு முன்பே இதயத்தைக் கீறி, உள்ளே உறைந்த இரத்தத்தைக் கழுவி, மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவார். இரண்டு இதயங்கள் அப்படியே போயின. மூன்றாவதில் கத்தி வைக்காதீர்கள், குழாயோடு வேண்டும் என்று கெஞ்சினேன். “குழாயையா தம்பி திங்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, மேற்கொழுப்பை மட்டும் சீவிக் கொடுத்தார்.

அந்தக் குழாய்தான் பெருந்தமனி, இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் புறப்படும் பெரிய குழாய். அதை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். உள்ளே பிறை வடிவில் இருக்கும் மூன்று இதழ்கள் விரிந்து ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ள, தண்ணீர் கீழறைக்குள் இறங்காமல் தேங்கி நின்றது. நான் கூச்சலிட்டதைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். ஆனால் அடுத்த நிமிடமே தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அந்த இதழ்களாலான வால்வுதான் கிழிந்துவிட்டது என்று நினைத்து, கடைக்காரரை மனத்திற்குள் நன்றாகத் திட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், இதழ்களுக்குச் சற்று மேலே, குழாயின் சுவரில் இரண்டு சிறு துளைகள் இருப்பது தெரிந்தது. அவை இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் வாய்கள். கொழுப்பைச் சீவியபோது அவற்றின் கிளைகள் அறுந்திருந்ததால் தண்ணீர் அவ்வழியே கசிந்திருக்கிறது. இரண்டையும் பஞ்சால் அடைத்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. உயிருள்ள இதயத்திலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே இதயத் தசை தளரும்போது வால்வு மூடிக்கொள்ள, பெருந்தமனியில் இருக்கும் இரத்தத்தின் அழுத்தத்தால்தான் இடது கீழறையின் தசைக்குப் பெருமளவு இரத்தம் போய்ச் சேருகிறது. நான் பழுது என்று எண்ணியது உண்மையில் அதன் ஏற்பாடு.

கீறிய இரண்டு இதயங்களும் வீண்போகவில்லை. இதோ, இடது கீழறையின் சுவர் ஊத்தப்பம்போல் தடித்திருக்கிறது. வலது கீழறையின் சுவர் வெறும் தோசை. வலப்புறம் பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்ப, இடப்புறம் உடல் முழுவதற்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. மனித உடலில் இடது கீழறை ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை எட்டும்போது, வலது கீழறை 25 அளவிலேயே நிற்கிறது. நுரையீரலின் தந்துகிகள் எனப்படும் மிக மெல்லிய இரத்தக் குழாய்களில் 120 பாய்ந்தால் நீர் கசிந்து காற்றறைகள் நிரம்பிவிடும்.

இங்கிலாந்து மருத்துவர் ஹார்வியைச் சொல்ல மறந்துவிட்டேன், சற்றுப் பின்னே செல்வோம். உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்க, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்றே பழங்காலக் கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) காலத்திலிருந்து நம்பிவந்தார்கள். வில்லியம் ஹார்வி 1628இல் அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டு உடைத்தார். இன்றைய எண்களில் பார்த்தால், ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று ஏறத்தாழ 5 லிட்டர் வருகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிமிடத்திற்கு 5 லிட்டரை எந்தச் சோற்றால் உண்டாக்க முடியும்? இரத்தம் சுற்றித்தான் வர வேண்டும். ஆனால் தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் பார்க்கவே இல்லை. இத்தாலிய அறிஞர் மால்பிகி அவற்றைத் தவளையின் நுரையீரலில் 1661இல் கண்டபோது, ஹார்வி இறந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ற வாரத்து மீனுக்கு வருகிறேன். மீனின் இதயம் இரத்தத்தைச் செவுளுக்கு அனுப்புகிறது. அங்கே தந்துகிகளில் அழுத்தம் குறைந்துபோன இரத்தம் இதயத்திற்குத் திரும்பாமல் அப்படியே உடலுக்குள் செல்கிறது. ஆடும் நாமும் அதை ஒருமுறை இதயத்திற்கு வரவழைத்து மீண்டும் தள்ளுகிறோம். நான் அறவே வெறுக்கும் கரப்பான்பூச்சிக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஏனெனில் அது காற்றை நுண்குழல்கள் வழியாகத் திசுக்களுக்கே கொண்டுசெல்கிறது. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கணவாயினுடையது. அதற்கு இதயங்கள் மூன்று: செவுள் ஒவ்வொன்றின் அடியிலும் இரத்தத்தைத் தள்ளிவிட ஒன்று, உடலுக்கென்று தனியாக ஒன்று. நீல இரத்தம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் கணவாயிடமே போகலாம். அதன் இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆனால் அது ஆக்சிஜன் ஏறியபோதுதான் நீலமாக இருக்கும், இறங்கியதும் நிறமிழந்துவிடும். உங்கள் பாடப்புத்தகப் படத்திற்கு நேர் எதிர்.