கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம்

வணக்கம் நேயர்களே. இன்று அக்டோபர் 1, உலக முதியோர் தினம். வயதான பிறகும் உடம்பைக் காத்துக்கொண்டு உழைப்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிக்குப் பவர் எழுதித் தருபவன். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் 28 வருஷமாக முகாம்களுக்குப் போய் வருகிறேன். கண், முழங்கால், சாப்பாடு என்று மூன்றைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதலில் கண்.

நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறோம் அல்லவா? அதுதான் வெள்ளெழுத்து. பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். இந்தியில் நாற்பதுக்குச் சாலீஸ் என்று பெயர். அந்தச் சொல்தான் இப்படித் திரிந்து நம்மிடம் வந்தது என்பார்கள். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. இளமையில் அது நெகிழ்ந்து கொடுக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது தானே புடைத்துக்கொள்ளும். வயது ஏற ஏற இறுகிப்போகும். இது நோயே இல்லை. ராஜாவுக்கும் வரும், கூலிக்காரருக்கும் வரும். ஆனால் சரியான கண்ணாடி கிடைக்காமல் கிட்டத்தில் இருப்பது மங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் உலகத்தில் 82 கோடிப் பேருக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மதுரையில் ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற ஒரு அம்மா வந்தார். 58 வயது. சுங்குடி உங்களுக்குத் தெரியும். துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிந்து, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சைப் பிரித்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அந்த அம்மா எட்டு வயதிலிருந்து செய்கிறவர். மூன்று மாதமாக வேலையை விட்டுவிட்டார். கூட வந்த மகன், "வயசாயிடுச்சு சார், போதும்னு சொல்லிட்டோம்" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாக, "கை ஓடுது தம்பி. கண்ணுதான் நிக்க மாட்டேங்குது" என்றார்.

கண்ணாடி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, பீரோவில் என்றார். ஒரு கடையில் எழுத்து அட்டையைக் காட்டிப் பவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி. அதைப் போட்டு முடிச்சுப் போட உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறதாம். வயசுக் கோளாறு என்று எடுத்து வைத்துவிட்டார்.

அவர் இடுப்பில் சின்னச் சுருக்குப் பை இருந்தது. உள்ளே நூல். "அம்மா, முந்தானையைப் பிடிச்சு ரெண்டு முடிச்சுப் போட்டுக் காட்டுங்க" என்றேன். போட்டார். அப்போதுதான் கவனித்தேன், துணி முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கடையில் பவர் பார்த்தது புத்தகம் படிக்கிற தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு. இவர் வேலை செய்வதோ அதில் பாதி தூரத்தில் என்று சொல்லலாம். கண்ணாடியிலும் தப்பில்லை, கண்ணிலும் தப்பில்லை. தூரம்தான் பொருந்தவில்லை. சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, முந்தானையையே அட்டையாக வைத்துப் பார்த்தோம். ஒரு லென்ஸில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது முடிச்சு. மகன் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் வயதைக் கேட்பதில்லை. என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் என்றுதான் கேட்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை: என்ன வேலை, எவ்வளவு தூரத்தில்? தறியில் உட்கார்ந்து அறுந்த இழையைப் பிணைக்கிறவருக்கு ஒரு தூரம். தையல் மிஷினில் ஊசி முனையைப் பார்க்கிறவருக்கு ஒரு தூரம். அடுப்பில் தாளிக்கிறவருக்கு இன்னும் தள்ளி. தூரம் கூடினால் பவர் குறைய வேண்டும், கிட்டே வந்தால் கூட வேண்டும். தலைக்கு மேலே கையை உயர்த்தி வேலை செய்கிற எலக்ட்ரீஷியனுக்கும் பெயின்டருக்கும் கீழ்ப்பாதியில் பவர் வைத்த இரட்டைக் கண்ணாடி எப்படி உதவும்? கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. அதே கண்ணாடியோடு படி இறங்கினால் படி மங்கும். விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது வெறும் சௌகரியம் இல்லை, கூலி. அசாமில் தேயிலை பறிப்பவர்களிடம் ஒரு ஆய்வு நடந்து 2018-ல் வெளியானது. நாற்பது வயதைத் தாண்டிய 751 பேர். பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. உடனே வாங்கியவர்கள் மற்றவர்களைவிட நாளைக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ இலை கூடுதலாகப் பறித்தார்கள். நூற்றுக்கு 22 பங்கு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம், 32 பங்கு. வங்காளதேசத்தில் கைவேலை செய்கிற ஏழை மக்களிடம் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. கண்ணாடி வாங்கிய எட்டு மாதத்தில் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. மருந்து இல்லை, கத்தி இல்லை. ஒரு சாதாரணக் கண்ணாடி.

கத்தி என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. இன்றைக்கு அவர் பிறந்த நாளும்கூட. 1918 அக்டோபர் 1, எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன, பேனா பிடிக்கவே திரும்பப் பழக வேண்டியிருந்தது. பிரசவம் பார்க்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் கத்தி பிடிக்கிற வேலையையே விட்டிருப்பார்கள். அவர் கண் மருத்துவம் படித்தார். கண்புரைக் கத்தியைத் தன் கோணல் விரலுக்குப் பிடிபடும்படி பழகினார், விரலுக்குத் தகுந்த கருவிகளைச் செய்துகொண்டார். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 58 வயதில், 1976-ல், அரசு வேலையிலிருந்து ஓய்வு. அதே வருஷம் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் மறையும்போது அது உலகத்திலேயே மிக அதிகமாகக் கண் அறுவை செய்கிற இடங்களில் ஒன்று.

அவரைப் பெரிய மனிதர் என்பதற்காக மட்டும் நான் நினைப்பதில்லை. கருவியைக் கைக்குத் தகுந்தாற்போல் மாற்றினாரே, அதற்காக நினைக்கிறேன். சுங்குடி அம்மாவுக்கு நடந்ததும் அதுதான். 58 வயது என்றால் இவரை மூலையில் உட்கார வைக்கிறோம், அவர் ஆஸ்பத்திரி கட்டினார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். முழங்காலுக்கும் சாப்பாட்டுக்கும் வந்து சேரவே இல்லை. வேகமாகச் சொல்கிறேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தினமும் பத்துத் தடவை செய்யுங்கள். தொடைச் சதை வலுத்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். வயதானவர்களுக்கு இட்லியும் ரசஞ்சோறும் மட்டும் போதாது. முட்டை, பயறு, சுண்டல் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். சர்க்கரை இருந்தால் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது கண் நீர் அழுத்தம் இருந்தால் நீங்களும் பாருங்கள். நடைபாதைக் கண்ணாடியை மட்டும் நம்பி இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் நிழலிலேயே நீங்கள் வேலை செய்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. கண் பரிசோதனைக்குப் போகும் முன்னால், எப்போதும் வேலை செய்கிற இடத்தில் எப்போதும்போல் உட்காருங்கள். மூக்குத் தண்டிலிருந்து வேலை இருக்கும் இடம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து வெட்டி, அந்த நூலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நாமே அளந்தால் குனிந்துவிடுவோம். வணக்கம்.