ஏசுவதும் எள்ளுவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லைச் சீமையில் ஒரு பிள்ளை "நேரமாச்சு, வீட்ல ஏசுவாவ" என்று சொன்னால், திட்டு விழும் என்று மட்டுமே பொருள். அதில் இளக்காரம் இல்லை. அகராதி 'ஏசு' என்பதற்கு இகழ்தல், வைதல் என்ற இரண்டு பொருளையும் தரும். நம் பக்கத்துப் பேச்சில் வைதல்தான் நிலைத்தது, அதுவும் கடுமை குறைந்து. வசைமொழி கலந்திருந்தால் "கெட்ட வார்த்தை போட்டு ஏசினான்" என்று தனியே சேர்த்துச் சொல்கிறோம்.

ஏசுவது மேலிருந்து கீழே வருவது. அம்மா ஏசுவாள், வாத்தியார் ஏசுவார். மகன் தகப்பனைப் பேசினால் "அப்பனையே ஏசுதான்" என்போம். அந்த ஏகாரத்திலேயே ஊரின் கண்டனம் இருக்கிறது. "ஏசுதான், ஏசுதா, ஏசுதாவ" என்பவை நம் நிகழ்கால வடிவங்கள். பெயர்ச்சொல் ஏச்சு: "நல்லா ஏச்சு வாங்கினான்."

இங்கே ஒரு குழப்பம் வரும். ஏமாற்றுதலைக் குறிக்கும் 'ஏய்' என்ற வினையும் பேச்சில் ஏச்சு என்றே ஒலிக்கும். "ஏச்சுட்டான்" என்றால் ஏய்த்துவிட்டான். "ஏசிட்டான்" என்றால் திட்டிவிட்டான். எழுதும்போது 'ஏய்த்து', 'ஏசி' என்று பிரித்து எழுதிவிட்டால் வாசிப்பவர் தடுமாற மாட்டார்.

சரி, கேலிக்கு என்ன வினை? கேலி பண்ணுதலுக்கு இரண்டாம் வேற்றுமை வேண்டும்: "அவனைக் கேலி பண்ணினான்." நக்கலுக்கு 'கிட்ட' வரும்: "எங்கிட்ட நக்கல் அடிக்காத." பழிப்புக் காட்டுவது வேறு. ஒருவருடைய நடையை, திக்குவாயை, முகக் கோணலை உடம்பால் செய்துகாட்டினால்தான் அந்தச் சொல் பொருந்தும். வாயால் மட்டும் சொன்னதற்குப் பொருந்தாது. 'பழித்தது' என்பதில் ழகரம் நழுவினால் 'பலித்தது' ஆகி, பொருளே கவிழ்ந்துவிடும். 'எள்ளு' என்ற பழைய வினை இன்று பெரும்பாலும் 'எள்ளி நகையாடினான்' என்ற தொடருக்குள்தான் உயிரோடிருக்கிறது. அதை வீட்டுப் பேச்சுக்குள் இழுத்துவந்தால் செயற்கையாக ஒலிக்கும்.

யாரை யார் கேலி பண்ணலாம் என்பதை முறைதான் தீர்மானிக்கிறது. மச்சானுக்கு மச்சான், மதினிக்கு (அண்ணன் மனைவிக்கு) கொழுந்தன், இவர்களுக்குள் எவ்வளவு கேலியும் செல்லும். அதே பேச்சைச் சித்தியிடம் பேசினால் ஏச்சுதான் கிடைக்கும். கதையிலோ நாடகத்திலோ நெல்லை உரையாடல் எழுதுவோர் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். சொல் சரியாக இருக்கும், உறவு பொருந்தாது. கேட்பவருக்கு உடனே உறுத்தும்.

ஏசுதலும் எள்ளுதலும் ஒன்றாகக் கலந்த இடமும் நம் மண்ணிலேயே உண்டு. சீவலப்பேரிக்கு அருகே, தாமிரபரணியோடு சிற்றாறு கூடும் முக்கூடலைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு என்ற சிற்றிலக்கியத்தில், ஒரே பள்ளனின் மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடும் சண்டைக்குப் பெயரே ஏசல். இளையவள் சைவப் பக்கம், மூத்தவள் வைணவப் பக்கம். நாலு முழத் துண்டுக்கு வழியில்லாமல் புலித்தோல் உடுத்தியவன் உங்கள் சாமி என்கிறாள் மூத்தவள். உங்களவன் மட்டும் சடைகட்டி மரவுரி சுற்றவில்லையா என்று திருப்புகிறாள் இளையவள். ஏறிப்போக வாகனமில்லாமல் மாட்டில் திரிந்தான் என்றால், மாடுகூடக் கிடைக்காமல் பறவைமேல் ஏறினான் என்று பதில் வருகிறது. ஒவ்வொரு வசையிலும் புராணச் செய்தி ஒன்று இருக்கிறது. பக்தி உள்ளவர்தான் இப்படி ஏச முடியும். வெறும் வசையென்று இதை ஒதுக்குவது பெரிய இழப்பு.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக 4 சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரை கூர்மையானது. பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது இன்னொன்று. மதினி கொழுந்தன் கேலியில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். பழிப்புக் காட்டுவதில் முதலாவது மட்டும்தான். எதிரே நிற்பவர் முகத்தில் சிரிப்பு இராது. ஆகவே, எந்த வினையை எழுதுவது என்று ஐயம் வந்தால், கேலிக்கு ஆளானவர் அந்த இடத்தில் சிரிக்கிறாரா என்று பாருங்கள். சிரித்தால் 'கேலி பண்ணினான்' என்று எழுதலாம். சிரிக்கவில்லையென்றால் 'ஏளனம் செய்தான்' என்றே எழுதுங்கள்.

வணக்கம்.