வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் காது கேட்கும்

[காட்சி: நோயாளியின் வாயோரம் ஒட்டுநாடாவால் நிறுத்திய குழாய். அதன்மேல் ‘22’ என்ற எண்.]

வணக்கம். இந்த எண்ணைப் பாருங்கள். மூச்சுவிட உதவும் இயந்திரமான வென்டிலேட்டரிலிருந்து காற்றுச் செலுத்த மூச்சுக்குழாய்க்குள் இறக்கிய குழாய், உதட்டருகே எத்தனையாவது சென்டிமீட்டரில் நிற்கிறது என்பதை இது காட்டுகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 21 முதல் 23 வரை இருக்கும். காலையில் 22 ஆக இருந்தது மாலையில் 26 ஆகிவிட்டால், குழாய் நழுவி வலது நுரையீரலின் கிளைக்குள் போயிருக்கலாம். பிறகு இடது பக்கத்துக்குக் காற்று சரியாகப் போகாது. ஆகவே பணி மாறி வரும் செவிலியர் கட்டிலருகே வந்ததும் இந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழாய் இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே போகிறது. அதனால் நோயாளியால் பேச முடியாது. வலிக்கிறது என்றோ, தாகமாக இருக்கிறது என்றோ, பயமாக இருக்கிறது என்றோ சொல்ல வழியில்லை. ஆனால் காது கேட்கும். நான் இந்த வீடியோவில் சொல்ல வருவது முழுவதும் இதைச் சுற்றித்தான்.

[காட்சி: கையால் அழுத்தும் காற்றுப்பை.]

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அழுத்திக் காற்றுச் செலுத்தச் செய்தார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். அந்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. ஆனால் பையை அழுத்தியவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அந்தப் பார்வையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது.

அலாரம் ஒலிக்கும்போது இது நன்றாகப் புரியும். பலர் நேராகத் திரைக்கு ஓடி ஒலியை நிறுத்துகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் மார்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் உதவிக்கு ஆளை அழைத்து, இயந்திரத்திலிருந்து கழற்றி, கையால் அழுத்தும் காற்றுப்பையால் காற்றுக் கொடுப்பார்கள். பை எளிதாக அழுந்தி நோயாளி தேறினால் கோளாறு இயந்திரத்தில் இருக்கலாம். அழுத்தவே முடியாமல் கல்போல் இருந்தால் குழாய் சளியால் அடைத்திருக்கலாம், நோயாளி அதைக் கடித்திருக்கலாம், அல்லது நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்திருக்கலாம்.

சளி உறிஞ்சுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துச் செய்யும் வேலை அல்ல இது. குழாயில் கரகரப்புக் கேட்டால், சளி கண்ணில் பட்டால், ஆக்சிஜன் அளவு இறங்கினால் செய்ய வேண்டும். முன்கூட்டியே ஆக்சிஜனைக் கூட்டிவையுங்கள். ஒருமுறை உறிஞ்ச 15 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விநாடிகளில் அவருக்கு மூச்சு முட்டும், இருமல் பொங்கி வரும், கண்ணில் நீர் கோக்கும். எனவே தொடங்குவதற்கு முன் காதருகே குனிந்து, “ஐயா, சளி எடுக்கப் போகிறேன். இருமல் வரும், சீக்கிரம் முடித்துவிடுவேன்” என்று சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும். குழாயின் நுனியில், சுற்றிலும் இடைவெளியை அடைத்து நிற்கும் பலூனில் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் என்ற அலகளவில் நிற்கட்டும். குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் கசியும். கூடினால் மூச்சுக்குழாயின் சுவர் புண்ணாகும். பல் துலக்கிவிடுவதும் நிமோனியாவைத் தடுக்கும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

[காட்சி: மயக்க மருந்துப் பம்பு.]

மயக்க மருந்து அளவுக்கு மீறினால் நோயாளி அமைதியாகத் தெரிவார். அந்த அமைதிக்கு விலை உண்டு. 2000ஆம் ஆண்டு சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி விழிக்க வைத்தவர்கள் வென்டிலேட்டரில் இருந்த காலத்தின் இடைநிலை 4.9 நாள், மற்றவர்களுக்கு 7.3 நாள்.

விழித்தவரிடம் எழுத்து அட்டையைக் கொடுங்கள். கை நடுங்கினால், ஆம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண்ணை மூடச் சொல்லுங்கள். முதலில் வலியைப் பற்றிக் கேளுங்கள்.

இயந்திரம் இல்லாமல் சமாளிப்பாரா என்று பார்க்க, தானாக மூச்சுவிடும் சோதனை அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நடக்கும். நிமிடத்துக்கு 35 மூச்சைத் தாண்டினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கழுத்துத் தசைகள் இழுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு, காரணத்தைத் தேடி, மறுநாள் மீண்டும் முயல்வார்கள்.

தேறினால் குழாயை எடுத்துவிடுவார்கள். உடனே தண்ணீர் கேட்பார். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை கொடுக்கக் கூடாது. ஈரப்பஞ்சால் வாயைத் துடைத்துவிடுங்கள். குரல் கம்மியிருக்கும், பாதிச் சொல்தான் வெளியே வரும். முகத்தருகே குனிந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.