சம்பளம் உயர்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது, நானே எழுந்துபோய் யாரையாவது வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா என்று தோன்றிவிட்டது, அவ்வளவு உருக்கம். வசதி வந்த பிறகும் குறைந்த வாடகை அரசு வீட்டில் இருப்பவர், அப்படி ஒரு வீட்டுக்காக வரிசையில் நிற்கும் ஏழையின் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றார். வரிசை உண்மை, அதில் நிற்பவர் படும் பாடும் உண்மை. அதற்குக் காரணம் உள்ளே குடியிருப்பவர்தான் என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

எதிரணி கேட்கும் மருந்தை ஹாங்காங் ஏற்கெனவே குடித்துப் பார்த்துவிட்டது. அங்கே வருமானம் உயர்ந்த குடித்தனக்காரரிடம் கூடுதல் வாடகை வாங்கும் முறை 1987லேயே வந்துவிட்டது. 2017ல் விதியை இன்னும் இறுக்கி, வருமானம், வீடு கேட்டு விண்ணப்பிக்க வைத்திருக்கும் வரம்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் வீட்டையே விட வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் சராசரிக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகளைத் தாண்டித்தான் போனது. ஒருவரை வெளியேற்றினால் ஒரு சாவி கை மாறும், புதிதாக ஒரு செங்கல்கூட ஏறாது. வெளியே போனவர் தனியார் வாடகை வீடுதானே தேடுவார்? வரிசையில் இருக்கும் ஏழையும் இப்போது அங்கேதான் வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடுகிறார். நல்ல சம்பளக்காரரையும் அதே சந்தைக்குள் தள்ளினால் வாடகை இறங்குமா, ஏறுமா?

சரி, வீடுகள் எங்கே போயின? இங்கிலாந்தில் 1980ல் வந்த சட்டம், அரசு வீட்டில் குடியிருந்தவர்கள் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ள வழிவிட்டது. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறின, விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. விற்றுத் தீர்த்துவிட்டு, மிச்ச வீட்டில் இருப்பவரிடம் சம்பளச் சீட்டைக் காட்டு என்கிறார்கள்! 2016ல் அதையும் முயன்றார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 31,000 பவுண்டைத் தாண்டினால், லண்டனில் 40,000ஐத் தாண்டினால், கூடுதல் வாடகை. கணவனும் மனைவியும் சாதாரண வேலைக்குப் போனாலே தொட்டுவிடும் தொகை அது. அதே ஆண்டு நவம்பரிலேயே, கட்டாயமில்லை என்று அரசு பின்வாங்கிவிட்டது.

வரம்பு என்று ஒரு கோடு போட்டால் குடும்பத்துக்குள் என்ன நடக்கும் தெரியுமா? ஓவர்டைம் வேண்டாம் என்பார் அப்பா. மகளுக்கு வேலை கிடைத்தால், வாழ்த்துக்கு முன்னால், "உன் சம்பளத்தையும் கணக்கில் சேர்ப்பார்களோ" என்ற கவலை வரும். எதிரணி இதை நியாயம் என்கிறது, முன்னேறியதற்கு அபராதம் என்கிறேன் நான்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஏறக்குறைய பாதி மக்கள் நகராட்சி வீட்டிலோ அரசு மானியத்தில் கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள். நகராட்சி வீட்டுக்கு உள்ளே வரும்போது வருமானம் பார்ப்பார்கள், பிறகு சம்பளம் உயர்ந்தால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதனால் ஆசிரியரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். சம்பாதிப்பவரை எல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டால், லிஃப்ட் பழுதானால்கூட அதிகாரி காதில் விழும்படி கேட்க ஆள் இருக்காது, அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குவார்கள்.

கோடீஸ்வரர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வருமான வரி எதற்கு இருக்கிறது? அங்கே வாங்குங்கள். அப்புறம், வேறு சொந்த வீட்டில் இருந்துகொண்டு இதைப் பூட்டி வைத்திருப்பவர், உள்வாடகைக்கு விட்டுக் காசு பார்ப்பவர், இவர்களை வெளியேற்ற வேண்டும் என்றால் நானே போய்ச் சாவியை வாங்கித் தருகிறேன். அது மோசடி, இங்கே பேச்சு உழைத்துச் சம்பளம் உயர்ந்தவரைப் பற்றி.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. சம்பளம் உயர்ந்ததும் காலி செய்துவிட்டுப் போனவருக்கு அடுத்த வருடமே வேலை போகிறது என்று வையுங்கள். அவரை வரிசையில் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?