போன மாதம் நம்மோடு வீட்டுக்கு வந்தது எது?

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரே இருக்கும் படத்தின் அணியே, தொடரின் அணியே, கொலு பார்க்க வந்து சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் எங்கள் பேச்சையும் கேட்க உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம், 2024 செப்டம்பரில், நம் நெஞ்சில் தங்கியது படமா, தொடரா, பாட்டா என்பது கேள்வி. பாட்டுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்காகப் படத்தையும் தொடரையும் மட்டம் தட்ட மாட்டேன். போன மாதம் 'லப்பர் பந்து' பார்த்தேன், 'மெய்யழகன்' பார்த்தேன், 'தலைவெட்டியான் பாளையம்' தொடரின் எட்டுப் பகுதியையும் பார்த்தேன். மூன்றும் எனக்குப் பிடித்தவை. பிடித்ததால்தான் அவை எதன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குள் வந்தன என்று யோசித்தேன்.

முதலில் தொடர். அந்த அணியின் தலைவி அழகாகச் சொன்னார்: "படம் மூன்று மணி நேர விருந்தாளி, தொடர் நம்மோடு தங்கிவிட்டுப் போகும் உறவு." நகரத்துப் பையன் ஊராட்சிச் செயலாளராக வந்து, ஒரு சின்ன ஊருக்குள் மெல்ல மெல்லக் கரைவதை எட்டுப் பகுதியில் சொல்ல முடிகிறது, உண்மை. ஆனால் அம்மா, அதை இயக்கிய நாகா யார்? 90-களில் 'மர்மதேசம்' தந்தவர். இந்தத் தொடரில் நடித்திருக்கும் சேத்தனும் தேவதர்ஷினியும் அந்த 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' கதையில் நடித்தவர்கள். அந்தக் கதையை வரிசையாக இப்போது சொல்லச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் தலைப்பிசை தொடங்கியதும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேனே, அது இன்றைக்கும் முதுகுத்தண்டில் இருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து உறவில் மிஞ்சியது எது? இசை.

இப்போது படத்தின் அணிக்கு வருகிறேன். நண்பர் கேட்டார்: "படம் இல்லாமல் பாட்டு ஏது? பாட்டு என்பது படம் பெற்ற பிள்ளைதானே?" நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நல்ல கேள்வி, தட்டத்தான் வேண்டும்.

செப்டம்பர் 20. 'லப்பர் பந்து' முதல் நாள் மாலைக் காட்சி. ரப்பர் பந்து கிரிக்கெட், ஊர் மைதானம், வயதாகியும் விளையாட்டை விட முடியாத கெத்து, அவரை எப்படி அவுட் ஆக்குவது என்று தெரிந்த அன்பு. கெத்து பேட்டோடு இறங்குகிறார். அப்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கிறது. தியேட்டரே எழுந்து நின்றது. என் பக்கத்தில் இருந்த அறுபது வயதுப் பெரியவர் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது விஜயகாந்த் படப் பாட்டு. அவர் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2023 டிசம்பர் 28. அந்தப் பெரியவர் திரையில் கெத்துவாக நடித்த தினேஷைப் பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அந்தப் பாட்டு எந்தப் படம்? 'பொன்மனச் செல்வன்', 1989. இளையராஜா இசை. 35 வருஷம். இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்கு அந்தப் படத்தின் கதை நினைவிருக்கிறது? பாட்டை எடுத்துக் கொடுத்தால் எத்தனை பேர் சேர்ந்து பாடுவீர்கள்? 'லப்பர் பந்து'தானே அந்தப் பாட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தது என்பீர்கள். கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து ஏன் அதைத் தேடிப் போனார்? ஒரு மனிதனின் கர்வம், இளமை, அவன் யாரைத் தலைவனாக வரித்துக்கொண்டான் என்பது எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். பத்து காட்சி எழுத வேண்டிய இடத்தில் ஒரு பாட்டைப் போட்டார். போதுமானதாக இருந்தது.

'மெய்யழகன்' எனக்கு இன்னும் நெருக்கம். 1996-இல் தஞ்சாவூர் வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டு ஒரு குடும்பம் கிளம்புகிறது. 'போறேன் நா போறேன்' என்று கமல்ஹாசனின் குரல் வருகிறது. கோவிந்த் வசந்தா இசை. நாங்களும் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள். கொல்லையில் இருந்த நார்த்தை மரத்தை அப்பா ஒருமுறை தொட்டுவிட்டு வந்து லாரியில் ஏறினார். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசியதே இல்லை. போன வாரம் அம்மா அந்தப் பாட்டைச் சமையலறையில் கேட்டுவிட்டு, "அந்த மரம் இப்ப காய்க்குதோ என்னமோ" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் முறை. அம்மா இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே.

அந்தப் படம் நீளம் என்று சொல்லி, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அது வருத்தம். ஆனால் அம்மாவின் போனில் இருக்கும் பாட்டில் ஒரு நொடிகூடக் குறையவில்லை.

"படம் இல்லாமல் பாட்டு ஏது" என்றீர்களே, இன்னொன்றும் சொல்கிறேன். ரஜினியின் 'வேட்டையன்' படப் பாட்டு 'மனசிலாயோ' போன மாதம் 9-ஆம் தேதி வந்தது. இந்த வளாகத்துப் பிள்ளைகள் விநாயகர் ஊர்வலத்தில் அதற்குத்தான் ஆடினார்கள். 'வேட்டையன்' படம் எப்போது வருகிறது? இந்த அக்டோபர் 10-ஆம் தேதி! கதை தெரியாது, காட்சி தெரியாது, பாட்டு மட்டும் ஊருக்குள் வந்து ஒரு மாதம் வாழ்ந்துவிட்டது.

அதில் மலேசியா வாசுதேவனின் குரல் இருக்கிறது. 1980-இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு 'பொதுவாக எம்மனசு தங்கம்' பாடிய குரல். அவர் 2011-இல் காலமாகிவிட்டார். செயற்கை நுண்ணறிவால் அந்தக் குரலை எழுப்பியிருக்கிறார் இசையமைப்பாளர் அனிருத். மகன் யுகேந்திரனும் கூடவே பாடியிருக்கிறார். செப்டம்பர் 5-ஆம் தேதி வந்த 'கோட்' படத்தில் 'சின்னச் சின்னக் கண்கள்', அதில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல். பெங்களூரில் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போடும்போதே, இது அக்கா பாட வேண்டியது, குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று இசையமைப்பாளர் யுவன் நினைத்தாராம். ஒரு மணி நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. ஜனவரி 25. கடைசியில் இயந்திரத்தின் துணையோடு அக்காவின் குரலை அந்தப் பாட்டில் வைத்தார்.

இது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் நெருடல் உண்டு. போனவர் சம்மதம் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு தம்பியும் ஒரு மகனும் பக்கத்திலேயே நின்று செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் என் போனில் அப்பாவின் குரல் பதினோரு வினாடி இருக்கிறது. "பஸ் ஏறிட்டியாம்மா? ஜன்னல் பக்கம் உக்காரு, கைய வெளிய நீட்டாத." அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கல்யாண வீடியோ இருக்கிறது, அதில் அப்பா நடக்கிறார், சிரிக்கிறார், பந்தி விசாரிக்கிறார். அதை நாங்கள் போட்டுப் பார்ப்பதில்லை. இந்தப் பதினோரு வினாடியைத்தான் கேட்கிறேன். இங்கே வரும் வழியில் பேருந்திலும் கேட்டேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான்.

மணி அடித்துவிட்டார்கள். என் தீர்ப்பை நான் சொல்லிவிட்டேன். உங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.