சுரண்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்: 1963 கார்வெட்டின் ஒரிஜினல் பெயின்ட்

[காட்சி: வெள்ளி நிறக் கார், பின்பக்கத்திலிருந்து]

பின்கண்ணாடியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் ஒரு பட்டை ஓடுகிறது, பாருங்கள். அதை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடலாம். 1963 செவ்ரலே கார்வெட் ஸ்டிங் ரே கூப்பே, அதாவது அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் கூரை மூடிய வகை. இந்தப் பட்டை அந்த ஒரு வருஷம்தான் வந்தது, மொத்தம் 10,594 வண்டிகளில். நிறத்தின் பெயர் செப்ரிங் சில்வர். அன்று இருந்த ஏழு நிறங்களில் இதற்கு மட்டும் 80 டாலர் 70 சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒரு வண்டி பல வருஷம் கழித்து ஷெட்டை விட்டு வெளியே வந்தால், பெயின்ட் மங்கிப்போய் அங்கங்கே மயிரிழை வெடிப்போடுதான் இருக்கும். பார்த்ததும் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடிக்கத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து பொறுங்கள். சுரண்டிய பெயின்ட்டை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில், இது ஒரிஜினல்தானா? முன்சீட்டில் குனிந்து, குளோவ் பாக்ஸுக்குக் கீழே டார்ச் அடியுங்கள். ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று தெரியும். அதில் பெயின்ட் எண் 941 என்று இருந்தால், தொழிற்சாலையை விட்டு வரும்போதே இது செப்ரிங் சில்வர். 923 என்றால் ரிவர்சைடு ரெட். சிவப்பாகப் பிறந்த வண்டிக்கு யாரோ பின்னால் வெள்ளி அடித்திருக்கிறார்கள்.

[காட்சி: கதவு இடுக்கு, நெருக்கத்தில். ஒரு வெள்ளைத் துணி]

அடுத்தது பெயின்ட்டின் வகை. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, லேக்கர் தின்னரில் லேசாக நனைத்த துணியால் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டுத் தேயுங்கள். துணியில் வெள்ளிச் சாயம் இறங்குகிறதா? அப்படியென்றால் லேக்கர். இந்த வண்டிக்கு அன்று அடித்தது அக்ரிலிக் லேக்கர். அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதால்தான் அது காய்கிறது, வேறு வேதி மாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும். இப்போது அடிக்கிற யூரித்தேன் பெயின்ட், ஹார்டனர் சேர்ந்து இறுகிவிடும். அவ்வளவு சுலபத்தில் கரையாது.

கார்வெட்டுக்கு லேக்கர் 1981 வரை தொடர்ந்தது. அந்த வருஷம் உற்பத்தி செயின்ட் லூயிஸிலிருந்து கென்டக்கியின் பௌலிங் கிரீனுக்கு மாறியபோது, நிறத்துக்கு மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிக்கும் முறை வந்தது.

சரி, பெயின்ட் தேறாது, புதுசாகத்தான் அடிக்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏற்றிவிடுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வண்டி அப்படி வரவே இல்லை! மேல்பக்கம் நன்றாக மின்னும். கீழே போகப் போகப் பளபளப்பு குறையும், ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு தெரியும். கதவு இடுக்கெல்லாம் மங்கலாகவே இருக்கும். பழைய கார்வெட்டுகளைப் புதுப்பிப்பவர்களுக்காக 1974இல் தொடங்கிய சங்கம் நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி. வண்டிகளுக்கு மதிப்பெண் போடும் அதன் நடுவர்கள் தேடுவது இந்தத் தோற்றத்தைத்தான். லேக்கர் வண்டிக்குக் கிளியர் கோட் அடித்திருந்தால் மதிப்பெண் குறைப்பார்கள். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. அந்த மங்கலும் சொரசொரப்பும் ஒரு தொழிலாளியின் கை ஓடிய தடம்.

பழைய பெயின்ட்டை எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: இந்த பாடி தகரம் இல்லை, ஃபைபர் கிளாஸ். மணல் பீய்ச்சினால் இழையே பிய்ந்துவிடும். சாதாரண பெயின்ட் ரிமூவரும் ஆகாது. பொறுமைசாலிகள் ரேசர் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறார்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த தூசி பறக்க விடாமல், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். முகத்தில் சரியான மாஸ்க் இருக்கட்டும். யூரித்தேன் அடிப்பதென்றால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, நுரையீரலைக் கெடுத்துவிடும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள்.

[காட்சி: வண்டியின் பாடியிலிருந்து சின்னம் (பேட்ஜ்) ஒன்றைக் கழற்றும் கை]

அப்புறம், நிறம் கலக்க வெயிலில் வெளுத்த பானட்டை மாதிரியாக எடுக்காதீர்கள். ஏதாவது ஒரு சின்னத்தை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். அறுபது வருஷமாக வெயிலே படாத வெள்ளி அதற்கடியில் இருக்கும். கலக்கும் பெயின்ட்டை அதோடு ஒப்பிடுங்கள். வேலை முடிந்து சின்னத்தைத் திரும்ப மாட்டும்போது, அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் புதுப் பெயின்ட் படாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.